கம்பிக்கு மேடு தெரியாது

மதுரையில் எந்த லாரிப் பட்டறையின் வாசலில் நின்றாலும் அரை மணி நேரத்திற்குள் ஒரு வாக்கியம் காதில் விழும்: "ஹீட் மீட்டரு பொய் சொல்லுதுண்ணே, அத விடுங்க." சொல்பவர் ஓட்டுநராக இருப்பார். கேட்பவர் மெக்கானிக்காக இருப்பார். பெரும்பாலும் அவரும் தலையை ஆட்டிவிட்டு, பிரேக்கையோ கிளட்சையோ பார்க்கக் குனிந்துவிடுவார். பழைய டீசல் லாரிகளின் முகப்புப் பலகையில் இருக்கும் முட்களிலேயே இவ்வளவு எளிதாகப் பொய்யர் பட்டம் வாங்குவது எஞ்சின் வெப்பத்தைக் காட்டும் முள்தான். டீசல் அளவு காட்டும் முள்ளை யாரும் அப்படி உதறித் தள்ளுவதில்லை. அது பொய் சொன்னால் நடுவழியில் நிற்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும்.

வெப்பமானி பழுதாகாது என்று நான் சொல்லவரவில்லை. பழுதாகும், அடிக்கடி ஆகும். ஆனால் அது பழுதா, எஞ்சின் பழுதா என்று பிரித்தறிவதற்குப் பத்து நிமிடச் சோதனை ஒன்று இருக்கிறது. அந்தப் பத்து நிமிடத்தைச் செலவிடாமலே தீர்ப்பு வழங்குவது நம் ஊர்ப் பட்டறைகளில் ஊறிப்போன பழக்கமாகிவிட்டது என்பதும், அதற்கான விலையை முள்ளோ மெக்கானிக்கோ கொடுப்பதில்லை என்பதுமே என் மனக்குறை. அந்த விலை என்னவென்று எங்கள் குடும்பத்திற்குத் தெரியும்.

*

1994ஆம் ஆண்டு. பழங்காநத்தத்தில் குடியிருந்த என் பெரியப்பாவிடம் ஒரு லாரி இருந்தது. பத்து வருடம் ஓடித் தேய்ந்த வண்டியை மூன்றாவது கையாக வாங்கியிருந்தார். கீழமாசி வீதி மண்டிகளிலிருந்து அரிசி ஏற்றிக்கொண்டு உசிலம்பட்டி, ஆண்டிபட்டி, தேனி வழியாகக் கம்பம் வரை போகும் நடை அது. அந்தப் பங்குனியில் வெப்பமானி முள் சிவப்புக் கோட்டை நோக்கி ஏறத் தொடங்கியது. உசிலம்பட்டி வரை நடுவில் நிற்கும். ஆண்டிபட்டிக் கணவாயில் சுமையோடு ஏறும்போது மெல்ல மெல்லச் சிவப்பைத் தொடும். அந்தப் பக்கம் இறங்கியதும் தானாகவே பழைய இடத்திற்கு வந்து நிற்கும்.

ஓட்டுநர் இறங்கிப் பார்த்தார். ரேடியேட்டரில் தண்ணீர் நிறைய இருந்தது. ஃபேன் பெல்ட் இறுக்கமாக இருந்தது. ஒழுகல் எங்கும் இல்லை. ஆகவே மீட்டர் பொய் என்று முடிவாயிற்று. பட்டறையில் முதலில் சென்சாரை மாற்றினார்கள். முள் மறுபடியும் ஏறியது. பிறகு மீட்டரையே மாற்றினார்கள். அதுவும் ஏறியது. புது மீட்டரும் பொய் சொல்கிறது என்றால் ஒருவேளை அது உண்மையாக இருக்கலாமோ என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. "கம்பியில ஏதோ கோளாறு" என்று சொல்லி, சென்சாரிலிருந்து கம்பியைப் பிடுங்கி ஓரமாகக் கட்டிவிட்டார்கள். முள் அடங்கிக் கீழே படுத்தது. எல்லோருக்கும் நிம்மதி.

கத்திரி வெயிலில் ஒருநாள் அதே கணவாயில் கீழ் ஹோஸ் வெடித்துத் தண்ணீர் முழுவதும் கொட்டிப்போயிற்று. முகப்புப் பலகையில் முள் அசையவில்லை. அசையும்படி அதை யாரும் விட்டுவைக்கவில்லை அல்லவா? கருகிய நாற்றம் வந்து ஓட்டுநர் வண்டியை ஓரங்கட்டுவதற்குள் ஹெட் வெடித்து, பிஸ்டன்கள் சிலிண்டருக்குள் இறுகிப்போயின. பெரியம்மாவின் நகைகள் அடகுக்குப் போயின. வண்டி மறுபடி ஓடியது, ஆனால் வட்டியை முந்திக்கொண்டு ஓடவில்லை. அந்த ஆண்டு முடிவதற்குள் லாரி கைமாறியது. பெரியப்பா தாம் அதுவரை அரிசி ஏற்றிய மண்டி ஒன்றிலேயே கணக்கெழுதப் போனார்.

எஞ்சினைப் பிரித்தபோது ரேடியேட்டரையும் பிரித்தார்கள். உள்ளே இருந்த மெல்லிய குழாய்களில் பாதிக்கு மேல் வெள்ளை வெளேரென்று உப்புப் படிந்து அடைத்திருந்தது. வருடக்கணக்காக ஊற்றிய ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரின் வேலை. நம் வட்டாரத்து நிலத்தடி நீரைச் சோற்றுப் பானையில் காய்ச்சினால் விளிம்பில் படியும் அதே வெள்ளைதான். தண்ணீர் நிறைய இருந்தது உண்மை. அது தன் வெப்பத்தை வெளியே விடுவதற்கு வழி இல்லை என்பதும் உண்மை. சமவெளியில் பாதிக் குழாய்களே போதுமானதாக இருந்தன. மேட்டில் போதவில்லை. முள் அதைத்தான் இரண்டு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தது.

*

இதில் ஓர் எளிய தர்க்கம் இருக்கிறது. அதைப் புரிந்துகொள்ள மின்னியல் படிக்க வேண்டியதில்லை. கம்பிக்கு மேடு தெரியாது. சுமை தெரியாது. அரிசி மூட்டை ஏற்றியிருக்கிறதா, வெற்று வண்டியா என்று ஒரு சென்சாரின் பழுது பார்த்துப் பார்த்து நடந்துகொள்ளாது. மேட்டில் மெல்ல ஏறி, இறக்கத்தில் மெல்ல இறங்கும் முள், பெரும்பாலும் உண்மை பேசும் முள். குளிர்ந்த எஞ்சினில் சாவியைத் திருகியவுடனேயே சிவப்புக்குத் தாவும் முள்தான் சந்தேகத்துக்குரியது. விடிய விடிய நிறுத்தி வைத்த எஞ்சின் ஒரே நொடியில் கொதிக்க முடியாது. பள்ளத்தில் சக்கரம் விழும்போதெல்லாம் துள்ளும் முள்ளுக்கு எங்கோ இணைப்புத் தளர்ந்திருக்கிறது. வெப்ப முள்ளும் டீசல் முள்ளும் ஒரே நேரத்தில் கோணலாகக் காட்டினால், இரண்டுக்கும் பொதுவான மின்வழியிலோ, மீட்டர்களுக்குச் சீரான மின்னழுத்தம் தரும் சிறு பெட்டியிலோ, எர்த்திலோ கோளாறு. இவ்வளவும் ஒரு ஸ்பானரைக் கூட எடுக்காமல், முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தே அறியக்கூடியவை.

அதற்கடுத்த படி கம்பியைக் கழற்றுவது. எங்கள் வண்டியிலும் கழற்றினார்கள், ஆனால் முள்ளை அடக்குவதற்காக. சோதிப்பதற்காகக் கழற்றுவது வேறு. மின்சார வகை மீட்டர்களில் சென்சாருக்கு ஒரு கம்பிதான் வரும். மறுமுனை எஞ்சின் உடல் வழியாக எர்த். வெப்பம் ஏற ஏற சென்சாரின் மின்தடை குறையும், மின்னோட்டம் கூடும், முள் ஏறும். ஆகவே சாவியைப் போட்டுவிட்டு அந்தக் கம்பியைக் கழற்றினால் முள் குளிர் பக்கம் விழ வேண்டும். கழற்றிய முனையை எஞ்சின் உடலில் ஒரு கணம் தொடவைத்தால் முள் சிவப்பை நோக்கி ஏற வேண்டும். நெடுநேரம் தொட்டுக்கொண்டிருந்தால் மீட்டர் கருகிவிடும் என்பதால் இடையில் ஒரு சிறு பல்பை வைத்துத் தொடுபவர்கள் விவரம் தெரிந்தவர்கள். இரண்டும் சரியாக நடந்தால் மீட்டரும் கம்பியும் நலம், ஐயம் சென்சார் மேல். கழற்றியும் முள் விழவில்லை என்றால் கம்பி எங்கோ உரசி உடலைத் தொடுகிறது, அல்லது மீட்டரே இறுகிவிட்டது. தொட்டும் முள் ஏறவில்லை என்றால் கம்பி அறுந்திருக்கிறது, அல்லது மீட்டருக்கு மின்சாரமே வரவில்லை, அல்லது மீட்டர் போய்விட்டது.

சென்சாரைச் சோதிக்கக் கொதிநீர் போதும். மதுரை கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இங்கே தண்ணீர் 100 டிகிரியை ஒட்டியே கொதிக்கும். இயற்கை நமக்கு இலவசமாகக் கொடுத்திருக்கும் அளவுகோல் அது. கழற்றிய சென்சாரின் உடலை ஒரு கம்பியால் எர்த் செய்து, அதன் முனையைக் கொதிநீரில் தொங்கவிட்டால் முள் மேல்பக்கம் வர வேண்டும். ஆற ஆற இறங்க வேண்டும். வந்தால், இறங்கினால், அது பொய் சொல்லவில்லை. அது மறுபடி சிவப்பைக் காட்டும்போது நாம் சென்சாரை விட்டுவிட்டு ரேடியேட்டரைப் பிரிக்க வேண்டும்.

இரண்டு எச்சரிக்கைகள். சென்சாரின் மரையில் ஒழுகலுக்கு அஞ்சி டேப்பைச் சுற்றோ சுற்றென்று சுற்றுபவர்கள் உண்டு. அந்த மரை வழியாகத்தான் எர்த் கிடைக்கிறது. டேப்பு அதை மறித்தால் எஞ்சின் கொதித்தாலும் முள் பாதியிலேயே நிற்கும். இரண்டாவது இன்னும் பயங்கரமானது. தண்ணீர் மட்டம் சென்சாருக்குக் கீழே இறங்கிவிட்டால் சென்சார் வெறும் ஆவியில் தொங்கும். தண்ணீர் கடத்துவதுபோல் ஆவி வெப்பத்தைக் கடத்தாது. எஞ்சின் அழிந்துகொண்டிருக்கும்போது முள் இறங்கிக் காட்டக்கூடும். அப்போது மீட்டரில் பழுதொன்றும் இருக்காது, அது நனைந்திருக்கவில்லை, அவ்வளவுதான். மேட்டில் போகும்போது முள் திடீரென்று விழுந்தால் மகிழாதீர்கள். வண்டியை நிறுத்துங்கள். நிறுத்திய சூட்டோடு ரேடியேட்டர் மூடியைத் திறக்கவும் வேண்டாம். முகம் வெந்துபோனவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

*

எதிர்ப்பக்கத்தையும் சொல்லாவிட்டால் நேர்மையாகாது. உண்மையிலேயே பொய் சொன்ன முள் ஒன்றையும் நான் கண்டிருக்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் நண்பர் ஒருவரின் பழைய லாரியில் முள் எப்போதும் சிவப்பிலேயே நின்றது. ஒரு பட்டறையில் ஹெட் கேஸ்கட் போய்விட்டது என்றார்கள். இன்னொன்றில் ரேடியேட்டரை மாற்றச் சொன்னார்கள். ஏற்கனவே ஒருவர் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்திருந்தார். நம் ஊர்களில் அது கிட்டத்தட்ட ஒரு சடங்கு. எஞ்சின் உரிய வெப்பத்தை எட்டாமல் ஓடி டீசலைத் தின்னும் என்பதோ, சில எஞ்சின்களில் தெர்மோஸ்டாட் இல்லையென்றால் தண்ணீர் ரேடியேட்டருக்குப் போகாமல் குறுக்கு வழியில் சுற்றி இன்னும் அதிகமாகக் காயும் என்பதோ சடங்கைச் செய்பவர்களுக்குப் பொருட்டில்லை.

கப்பலூர்ப் பக்கம் ஒரு முதிய மெக்கானிக்கிடம் போனோம். அவர் வண்டியைத் தொடவில்லை. முதலில் நண்பரைத்தான் விசாரித்தார்.

"காலைல மொதமொதல்ல சாவியப் போட்டா முள்ளு எங்க நிக்கிது தம்பி?"

"அப்பவும் செவப்புலதாண்ணே."

"ராத்திரி பூரா நின்ன வண்டியா?"

"ஆமாண்ணே."

"அப்பொறம் எதுக்குடா எஞ்சினப் பிரிக்கச் சொன்னாய்ங்க?"

சென்சாரிலிருந்து கம்பியைக் கழற்றினார். முள் விழவில்லை. கம்பி போகும் வழியெல்லாம் விரலால் தடவிக்கொண்டே போனார். கேபினுக்குள் நுழையும் தகட்டு ஓட்டையில் ரப்பர் வளையம் இற்றுப்போய், கம்பியின் தோல் உரிந்து செம்பு தகட்டைத் தொட்டுக்கொண்டிருந்தது. டேப்பு சுற்றினார், ஒரு புது ரப்பர் வளையம் போட்டார். வேலை முடிந்தது. அவர் வாங்கிய கூலியைச் சொல்ல எனக்கே கூச்சமாக இருக்கிறது.

என் பெரியப்பாவின் வண்டியில் உண்மையைப் பொய் என்றார்கள். நண்பரின் வண்டியில் பொய்யை உண்மை என்றார்கள். வெளியிலிருந்து பார்த்தால் இவை எதிரெதிரான தவறுகள். ஆனால் வேர் ஒன்றுதான்: விசாரணை இல்லாத தீர்ப்பு. இதை மதுரைக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. பொற்கொல்லன் சொன்னான் என்பதற்காக ஒருவனை வெட்டிவிட்டு, பிறகு சிலம்பை உடைத்துப் பரலைப் பார்த்த ஊர் நம்முடையது. மாணிக்கமா முத்தா என்று உடைத்துப் பார்க்க எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? சிலப்பதிகாரத்தை நாம் கற்பின் காப்பியமாகவும் ஊழின் காப்பியமாகவும் படித்திருக்கிறோம். சோதனையின் வரிசை மாறிப்போனதன் காப்பியமாகவும் அதைப் படிக்கலாம் என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

*

இந்த முள்ளுக்கு ஒரு வரலாறும் உண்டு. வெள்ளி சல்ஃபைடைச் சூடாக்கினால் உலோகங்களைப் போலன்றி அதன் மின்தடை குறைகிறது என்று மைக்கேல் ஃபாரடே 1833இல் கண்டார். இன்றைய சென்சாரின் முன்னோர் அந்தக் கண்டுபிடிப்பு. அழுத்தம் கூடினால் நிமிர முயலும் வளைந்த குழாயை யூஜீன் பூர்தோன் 1849இல் பாரிசில் காப்புரிமை செய்தார். பழைய வண்டிகளில் எஞ்சினிலிருந்து முகப்புப் பலகை வரை மெல்லிய செம்புக் குழாய் ஓடும் மீட்டர்கள் அந்தக் குடும்பம். அந்தக் குழாய் எங்காவது முறிந்தால் உள்ளிருக்கும் திரவம் போய், முள் நிரந்தரமாகப் படுத்துவிடும். 1912இல் அமெரிக்காவில் பாய்ஸ் என்பவர் காப்புரிமை பெற்ற மோட்டோமீட்டர் ரேடியேட்டர் மூடியின் மேலேயே நின்றது. ஓட்டுநர் கண்ணாடி வழியாக வெப்பத்தைப் பார்த்துக்கொண்டே ஓட்டினார்.

அதே காலத்தில்தான் மதுரையும் மோட்டாரின் ஊராகிக்கொண்டிருந்தது. டி.வி. சுந்தரம் ஐயங்கார் தம் நிறுவனத்தைத் தொடங்கியது 1911இல். இரண்டாம் உலகப் போரில் பெட்ரோல் தட்டுப்பாடு வந்தபோது கரி வாயுவால் வண்டியை ஓட்டும் கருவியை அவர்களே வடிவமைத்துச் செய்தார்கள். 1972இல் பேருந்துகள் அரசுடைமையாகிப் பாண்டியன் போக்குவரத்துக் கழகம் வந்தது. அதன் பணிமனைகளும், சுற்றியிருந்த நூற்றுக்கணக்கான தனியார் பட்டறைகளுமாக மூன்று தலைமுறை மெக்கானிக்குகளை இந்த ஊர் வளர்த்தது. கரியைப் போட்டு வண்டியை ஓட்டிய ஊருக்கு ஒரு முள்ளைச் சோதிக்கத் தெரியாமல் போகுமா? தெரியும். கப்பலூர் முதியவருக்குத் தெரிந்திருந்தது. அந்த அறிவு எழுதப்படவில்லை, அவ்வளவுதான். ஆசாரியின் தச்சு முறையும் வைத்தியரின் கைப்பக்குவமும் போலவே அதுவும் கைமாறாமல் மறைந்துகொண்டிருக்கிறது. விவசாயியை எழுதினோம், நெசவாளியை எழுதினோம். கிரீஸ் படிந்த கையின் தர்க்கத்தை நம் இலக்கியம் இன்னும் போதுமான அளவு கவனிக்கவில்லை என்பது என் எண்ணம்.

*

"அனுபவமுள்ள ஓட்டுநருக்கு மீட்டரே வேண்டாம், மூக்கே போதும்" என்பார்கள். மூக்கை நான் மதிக்கிறேன். ஆனால் மூக்குக்குத் தெரிவது எரிந்த பிறகு. முள்ளுக்குத் தெரிவது எரிவதற்கு முன். இரண்டுக்கும் நடுவில் இருப்பதுதான் ஒரு குடும்பத்தின் நகை.

"நேரம் ஏது சார்?" என்பது இன்னொரு மறுப்பு. இது நியாயமானது. நடைக்கு இவ்வளவு என்று கூலி வாங்கும் ஓட்டுநர், முள் ஏறுகிறது என்று கணவாயில் ஒரு மணி நேரம் நிறுத்தினால் இழப்பு அவருக்கு. நிறுத்தாமல் போய் எஞ்சின் போனாலும் பழி அவருக்கு. எங்கள் வீட்டிலும் அப்படித்தான் நடந்தது. கம்பியைப் பிடுங்கச் சம்மதித்தவர் பெரியப்பா, வேலையை இழந்தவர் ஓட்டுநர். அதைப் பெரியப்பா பிற்காலத்தில் ஒருமுறை என்னிடம் சொல்லி வருந்தினார். ஆகவே என் கட்சி ஓட்டுநருக்கு எதிரானதன்று. முள் ஏறினால் நிறுத்தலாம், அதற்குக் கூலி பிடிக்கப்படாது என்று சொல்லும் உரிமையாளர்தான் முதல் மருந்து. ரேடியேட்டருக்கு ஆழ்துளைத் தண்ணீரை ஊற்றாமல் கூலன்ட்டோ நல்ல தண்ணீரோ வாங்கிக்கொடுப்பது இரண்டாவது. அகச்சிவப்பு வெப்பமானி இன்று ஒரு டயரின் விலையில் சிறு துளிக்குக் கிடைக்கிறது. பளபளக்கும் உலோகத்தில் அது குறைத்துக் காட்டும் என்பதால் ஒரு கறுப்பு டேப்பை ஒட்டி அதன்மேல் பிடித்துப் பார்த்தால், முள்ளின் சாட்சியத்துக்கு இரண்டாவது சாட்சி தயார்.

2020 ஏப்ரலுக்குப் பின் வந்த பி.எஸ். 6 வண்டிகளில் இந்தச் சிக்கலெல்லாம் தீர்ந்துவிட்டது என்று இளைஞர்கள் சொல்கிறார்கள். கணினி பிழைக்குறியீட்டைக் காட்டுகிறதாம். காட்டட்டும். குறியீடு எந்த மின்சுற்றில் கோளாறு என்றுதான் சொல்லும். சென்சாரா, கம்பியா, இணைப்பா, உண்மையிலேயே கொதிக்கிறதா என்று பிரித்தறிவது இன்னமும் மனிதனின் வேலையே. குறியீட்டைப் பார்த்தவுடன் பாகத்தை மாற்றுவது, முள்ளைப் பார்த்தவுடன் மீட்டரை மாற்றிய அதே பழக்கத்தின் புதுப் பெயர்தான். ஐ.டி.ஐ.களில் டீசல் மெக்கானிக் பிரிவில் படிக்கும் பிள்ளைகளுக்கு ஒரு தேர்வு வைக்கலாம்: எதையும் கழற்றாமல், எதையும் மாற்றாமல், ஓட்டுநரிடம் மூன்று கேள்விகள் மட்டும் கேட்டுக் கோளாறு எந்தப் பக்கம் என்று சொல்ல வேண்டும். கப்பலூர் முதியவர் இரண்டே கேள்வியில் தேறிவிடுவார்.

பெரியப்பா இப்போது இல்லை. அந்த லாரியிலிருந்து கழற்றிய பழைய மீட்டர் மட்டும் எங்கள் வீட்டுப் பரணில் ஒரு டப்பாவில் கிடந்தது. போன வருடம் எடுத்து, பேட்டரி கொடுத்து, ஒரு சென்சாரை இணைத்து, அடுப்பில் கொதித்த தண்ணீரில் விட்டுப் பார்த்தேன். முள் மெல்ல எழுந்து சிவப்பின் விளிம்பில் போய் நின்றது. தண்ணீர் ஆற ஆறத் தானும் இறங்கியது. அதில் ஒரு குறையும் இல்லை.